ஒன்பது முனை உருவம் கப்பல்துறைக்கு வந்த வழி

ஒரு வட்டம். அதன் விளிம்பில் சம இடைவெளியில் ஒன்பது புள்ளிகள். உச்சியில் இருப்பது ஒன்பது. அதற்கு வலப்புறம் ஒன்று, இரண்டு எனத் தொடங்கி எட்டு வரை சுற்றி வரும். மூன்றையும் ஆறையும் ஒன்பதையும் இணைத்தால் ஒரு முக்கோணம். மிஞ்சிய ஆறு புள்ளிகளை 1, 4, 2, 8, 5, 7 என்ற வரிசையில் இணைத்துத் திரும்பவும் ஒன்றுக்கே வந்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இன்னொரு வடிவம். இந்த வரிசை யாரோ கண்ணை மூடிக்கொண்டு போட்டதல்ல. ஒன்றை ஏழால் வகுத்துப் பாருங்கள்: 0.142857 என்று தொடங்கி, அதே ஆறு இலக்கங்கள் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். மூன்றும் ஆறும் ஒன்பதும் அதில் தலைகாட்டவே மாட்டா. இந்த உருவத்தின் பெயர் எனியகிராம்.

திருகோணமலையில், சீனன்குடாவுக்கு அப்பால், கண்டி வீதியோரம் இருக்கும் கப்பல்துறையிலும் இன்று இந்த உருவத்தைக் கைபேசியில் பார்க்கலாம். பிரிமா மா ஆலையும் சீமெந்து ஆலையும் பழைய எண்ணெய்த் தாங்கிகளும் நிற்கும் துறைமுகக் கரைக்கு அருகில் உள்ள ஊர் இது. சொந்தமாக ஏதாவது தொடங்கி முன்னேற வேண்டும் என்ற நினைப்பு இங்குள்ள இளைஞர்களுக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரிடம் இந்த உருவம் வந்து சேரும்போது அதன்மேல் உலகப் பெரும் முதலாளிகளின் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டீவ் ஜொப்ஸ் எந்த எண்? ஒன்றா, நான்கா, ஏழா, எட்டா? எந்த எண்ணாக இருந்தால் பணக்காரனாகலாம்?

இந்தக் கேள்விக்காக இந்த உருவம் பிறக்கவில்லை. எங்கோ பிறந்து, கை மாறி, ஒவ்வொரு துறையிலும் ஒரு சுமையை ஏற்றி ஒரு சுமையை இறக்கி இங்கு வந்திருக்கிறது. அந்த வழியை அறிந்தால்தான் இதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது தெளியும்.

கொழும்பு, 1914

எனியகிராமை உலகம் அறியச் செய்த மனிதர் பியோத்தர் ஒஸ்பென்ஸ்கி. ருஷ்யர், கணிதத்திலும் ஞானத் தேடலிலும் ஊறிய எழுத்தாளர். மனிதனின் உள்வாழ்வு பற்றிய மறைந்த கல்வி கீழைத்தேயத்தில் எங்கோ இருக்கிறது என்று நம்பி, 1913 இல் எகிப்து, இலங்கை, இந்தியா என்று புறப்பட்டார். சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையில் தங்கினார். கொழும்புக்கு அண்மையில் ஒரு சிறிய விகாரையில் நீலக்கல் கண்கள் பதித்த புத்தர் சிலையின் முன் நின்றதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். தேடிய கல்வி மட்டும் கிடைக்கவில்லை. 1914 இல் முதலாம் உலகப் போர் வெடித்தபோது அவர் கொழும்பில் இருந்தார். அங்கிருந்து இங்கிலாந்து வழியாகச் சுற்றி, நவம்பரில் ருஷ்யாவுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு, மொஸ்கோவில், குர்ஜீஃப் என்பவரைச் சந்தித்தார். ஆர்மீனியாவின் இன்றைய கியும்ரி நகரில் பிறந்த குர்ஜீஃப், மத்திய ஆசியாவெங்கும் அலைந்து தன் கல்வியைப் பெற்றதாகச் சொல்லிக்கொண்டவர். 1916 இல் பெத்ரோகிராத்தில் தம் மாணவர் குழுவுக்கு அவர் விளக்கிய பாடங்களில் ஒன்றுதான் இந்த ஒன்பது முனை உருவம். இதை எங்கே பெற்றார் என்பதை அவர் ஒருபோதும் தெளிவாகச் சொல்லவில்லை. மறைந்த மடம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அந்த மடத்தை வேறு எவரும் கண்டதில்லை. எனவே எனியகிராமைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது, சூஃபிகளுடையது, பாபிலோனியருடையது என்று சொல்லும் எந்தப் பேச்சுக்கும் சான்று கிடையாது. எழுத்தில் அதன் வரலாறு 1916 ஆம் ஆண்டுப் பாடத்துக்கு முன்னால் போகாது.

அந்தப் பாடத்தில் ஒன்பது வகை மனிதர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குர்ஜீஃபுக்கு அது இயக்கத்தின் வரைபடம்: ஒரு செயல் எப்படித் தொடங்கி, எங்கே தளர்ந்து, எங்கே வெளியிலிருந்து உதவி பெற்று முடிகிறது என்பதைக் காட்டுவது. பின்னர் பிரான்சில், ஃபொந்தேன்புளோவுக்கு அருகில் 1922 இல் அவர் நிறுவிய நிலையத்தில், இந்த உருவத்தின் கோடுகள் வழியே மாணவர்கள் நடனமாடினார்கள். தன் உடல் எங்கே நிற்கிறது, மனம் எங்கே ஓடுகிறது என்பதை ஆடிக்கொண்டே கவனிப்பதுதான் பயிற்சி. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தலையாய குணக்கேடு உண்டு, அதைத் தானே காண்பதுதான் மிகக் கடினம் என்றும் அவர் கற்பித்தார். ஆனால் அந்தக் குணக்கேடுகளுக்கு எண் போடவில்லை.

ஒஸ்பென்ஸ்கி 1947 இல் இறந்தார். குர்ஜீஃப் பாடங்களை அவர் எழுதி வைத்த நூல் 1949 இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் குர்ஜீஃபும் பாரிசுக்கு அருகே மறைந்தார். ஆசிரியரும் மாணவரும் போன பின், உருவம் அச்சில் ஏறி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்தது.

அரிக்கா, 1970

அடுத்த கை தென் அமெரிக்காவில். பொலிவியாவில் 1931 இல் பிறந்த ஒஸ்கார் இச்சாசோ, மனிதனின் அகங்காரம் ஒன்பது வழிகளில் இறுகிப் போகிறது என்று கற்பித்தார். அந்த ஒன்பதையும் இந்த வட்டத்தின் புள்ளிகளில் வைத்தார். நாம் இன்று அறியும் எனியகிராம் இங்கேதான் பிறக்கிறது.

அவர் வைத்த ஒன்பது மலங்களைத் தமிழில் சொல்வது எளிது. ஒன்று, கோபம். இரண்டு, கர்வம். மூன்று, பாசாங்கு. நான்கு, பொறாமை. ஐந்து, உலோபம். ஆறு, அச்சம். ஏழு, எவ்வளவு சுவைத்தாலும் போதாமை. எட்டு, எதையும் அளவுக்கு மீறி வேண்டும் வேட்கை. ஒன்பது, மந்தம். காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்று ஆறு உட்பகைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. கிறிஸ்தவ மரபிலும் இதற்கு முன்னோர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், துறவியைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தினார். பாப்பரசர் முதலாம் கிரகோரி அவற்றை ஏழாகச் சீர்ப்படுத்தினார். ஏழு பெரும் பாவங்கள் என்பது அதிலிருந்து வந்தது. அந்த ஏழோடு அச்சத்தையும் பாசாங்கையும் சேர்த்தால் இச்சாசோவின் ஒன்பது.

சிலி நாட்டின் வடக்கே, பாலைவனம் கடலைத் தொடும் அரிக்கா நகரில், 1970 இல் இச்சாசோ நீண்ட பயிற்சி ஒன்றை நடத்தினார். வட அமெரிக்காவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேர் அதற்குப் போனார்கள். சிலியிலேயே பிறந்த மனநல மருத்துவர் குளோடியோ நரன்யோவும் சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் அதே ஆண்டு விபத்தில் இறந்திருந்தான். துயரத்தின் அடியில் நின்றுகொண்டு அவர் தன்னைத்தான் பார்க்கப் போனார். இந்த உருவத்தின் வரலாற்றில் இதைவிட நேர்மையான நோக்கத்தோடு அதை அணுகியவர் இருப்பாரோ தெரியாது.

பெர்க்லி முதல் சிக்காகோ வரை

நரன்யோ கலிபோர்னியாவின் பெர்க்லிக்குத் திரும்பி, 1971 முதல் ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்தார். இச்சாசோவின் சுருக்கமான வரைபடத்தின் மேல் உளமருத்துவத்தின் சதையை ஏற்றியவர் அவர்தான். ஒவ்வொரு எண்ணும் சிறு வயதில் எந்த வலியிலிருந்து தப்ப எந்த வழியைப் பிடித்தது, பிடித்த வழியை விட முடியாமல் பெரியவனாகியும் எப்படித் தொடர்கிறது என்று விளக்கினார். கற்றதை வெளியே சொல்லக்கூடாது என்பது குழுவின் நிபந்தனை. அந்தக் கதவு நீண்ட நாள் மூடியிருக்கவில்லை.

குழுவில் இருந்தவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு ரொபர்ட் ஓக்ஸ். அவர் இதைச் சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். கையெழுத்துக் குறிப்புகளும் நகல் தாள்களும் இயேசு சபை இல்லங்களுக்குள் பரவின. இயேசு சபை இதை ஏன் இவ்வளவு விரைவாக வாங்கிக்கொண்டது என்பது திருகோணமலைக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது அந்தப் பொறுப்பு வந்தது இயேசு சபையிடம்தான். புனித சூசையப்பர் கல்லூரியில் படித்த தலைமுறைகள் அந்தக் குருமாரை அறியும். அவர்களுடைய நாளின் ஓர் ஒழுங்கு, மாலையில் அமர்ந்து, இன்று என் மனம் எங்கே போயிற்று, எதனால் போயிற்று என்று தன்னைத்தானே விசாரிப்பது. 16 ஆம் நூற்றாண்டில் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வைத்த வழக்கம் அது. தன் குற்றத்தைத் தானே தேடும் பழக்கம் உள்ள சபைக்கு, குற்றத்தின் ஒன்பது முகங்களைக் காட்டும் உருவம் ஒரு நல்ல கருவியாகத் தெரிந்தது இயல்பே.

முதல் அச்சு நூல் 1984 இல் வந்தது. எழுதியவர்கள் மூவரும் கத்தோலிக்கத் துறவிகள். இயேசு சபையில் பயின்று வெளியேறிய டொன் ரிசோவின் நூல் 1987 இலும், ஹெலன் பால்மரின் நூல் 1988 இலும் வந்தன. எல்லாத் திருச்சபையினரும் இதை வரவேற்றார்கள் என்றில்லை. புதிய கால ஆன்மிகம் பற்றி 2003 இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், எனியகிராமை ஆன்மிக வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது கோட்பாட்டில் தெளிவின்மையைக் கொண்டுவருகிறது என்று எச்சரித்தது.

நியூயோர்க், 1992

அச்சுக்கு வந்த பின் உரிமைச் சண்டை வந்தது. இச்சாசோவின் அரிக்கா நிறுவனம், பால்மர் தம் நூலில் தங்கள் சொத்தை எடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டது. நியூயோர்க்கில் இருந்த கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992 இல் தீர்ப்பளித்தது. இச்சாசோ தம் ஒன்பது வகைகளை மனித இயல்பைப் பற்றிய கண்டறிந்த உண்மைகள் என்றே எப்போதும் சொல்லி வந்தார். நீதிமன்றம் அந்தச் சொல்லிலேயே அவரை நிறுத்தியது: உண்மை என்றால் அது எவருக்கும் தனிச் சொத்தாகாது, பதிப்புரிமை சொல்லும் முறைக்கு உண்டு, கண்டறிந்த உண்மைக்கு இல்லை. வழக்குத் தோற்றது.

அன்றிலிருந்து எனியகிராம் காவலில்லாத பொருள். 1994 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அடுத்தடுத்து நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகள், முகாமைத்துவப் பயிற்சியாளர்கள், தலைமைத்துவ வகுப்புகள். மாலைத் தியானத்தில் தன்னை விசாரிக்க இருந்த கருவி, காலையில் பிறரைப் பிரித்து அடுக்கும் கருவியாயிற்று. அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021 இல் ஓர் உளவியல் ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வு, 104 தனித்தனி மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. எனியகிராம் நம்பத்தக்கதா, அளப்பதைச் சரியாக அளக்கிறதா என்பதற்கு முடிவுகள் கலவையாகவே இருந்தன. கோட்பாட்டின் சில பகுதிகளுக்கு ஆதரவு உண்டு. கோடுகளும் பக்கத்து எண்களும் பற்றிச் சொல்லப்படும் நுட்பங்களுக்கு ஆதரவு மிகக் குறைவு.

இத்தனை கை மாறிய பிறகே, புகழ்பெற்ற முதலாளிகளின் மேல் எண் ஒட்டும் பழக்கம் பரவியது. அதை ஒருமுறை நாமே செய்து பார்ப்போம். அதற்குக் கலிபோர்னியாவுக்குப் போகத் தேவையில்லை. அப்புத்தளை மலையில் லிப்டன் சீற் என்ற முனை இருக்கிறது. தன் தோட்டங்களைப் பார்க்க அங்கே வந்து அமர்வாராம் தேயிலை வணிகர் தொமஸ் லிப்டன்.

டம்பதென்ன, 1890

தொமஸ் லிப்டன் 1848 இல் கிளாஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பதின்வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் உழைத்து, நியூயோர்க்கில் ஒரு பெரிய அங்காடியில் வேலை பார்த்தார். பொருளை எப்படிக் காட்டினால் சனம் நின்று பார்க்கும் என்பதை அங்கே படித்தார். ஊர் திரும்பி 1871 இல் முதல் கடையைத் திறந்தார். கடைக்கு வெளியே வளைந்த கண்ணாடிகள் வைத்தார்: உள்ளே போகிறவன் மெலிந்து தெரிவான், வெளியே வருகிறவன் கொழுத்துத் தெரிவான். 1881 நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து மிகப் பெரிய பாற்கட்டியைத் தருவித்து, உள்ளே தங்க நாணயங்களைப் புதைத்து, வெட்டி விற்றார். கடைகள் பல நூறாகப் பெருகின.

இலங்கையில் அப்போது கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் தோட்டங்களைத் தின்றுவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைதான் மாற்று வழியாகத் தெரிந்தது. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. 1890 இல் ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட லிப்டன் கொழும்பில் இறங்கினார். டம்பதென்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். தரகரும் மொத்த வியாபாரியும் நடுவில் இல்லை. தேயிலையை அளவு குறித்த சிறு பொதிகளில் அடைத்து, தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம் செய்து, உழைப்பாளர் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்.

பிறகு புகழின் காலம். 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவில் லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க நிதி போதாதபோது, 25,000 பவுண் தனியே கொடுத்தார். அடுத்த ஆண்டு சேர் பட்டம். 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தடவை, ஷம்ரொக் என்று பெயரிட்ட பாய்க்கப்பல்களோடு அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டார். ஐந்திலும் தோற்றார். ஐந்தாம் தோல்விக்குப் பின் அமெரிக்க மக்கள் காசு சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை கொடுத்தார்கள். திருமணம் செய்யவில்லை. தாய்மேல் அவர் வைத்த பற்று ஊரறிந்தது. 1931 ஒக்டோபர் 2 இல் இறந்தார். சொத்தின் பெரும் பகுதி கிளாஸ்கோ நகருக்கும் அதன் ஏழைகளுக்கும் போயிற்று.

இவர் எந்த எண்? எட்டு என்று வாதிடலாம்: தரகரை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்தையே வாங்கியவர், எவர் பிடியிலும் இருக்க விரும்பாதவர். ஏழு என்று வாதிடலாம்: சலிக்காத உற்சாகம், ஒன்று முடியுமுன் அடுத்தது, கடல், விருந்து, விளையாட்டு. இரண்டு என்று வாதிடலாம்: கொடுத்துக்கொண்டே இருந்தார், அன்புக்குரியவராக அறியப்பட விரும்பினார். மூன்று என்று வாதிடலாம்: எதைச் செய்தாலும் பார்ப்பவர் கண்ணில் அது எப்படித் தெரியும் என்பதை முதலில் கணித்தவர்.

இங்கே ஒரு சோதனையை வைத்துப் பார்க்கலாம். வெற்றியில் எல்லா எண்களும் ஒன்றுபோலத் தெரியும்; தோல்வியில்தான் பிரியும். ஏழு தோல்வியின் வலியில் தங்காது, வேறு இன்பத்துக்குத் தாவிவிடும். எட்டு தோல்வியை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு மோதும். மூன்று, தோல்வியிலும் தன் தோற்றம் கெடாமல் பார்த்துக்கொள்ளும். லிப்டன் ஐந்து முறையும் சிரித்த முகத்தோடு வென்றவரை வாழ்த்தினார். தாவவில்லை, முப்பத்தொரு ஆண்டு அதே கோப்பைக்குத் திரும்பத் திரும்ப வந்தார். முறைப்பாடு சொல்லவில்லை. உலகின் மிகச் சிறந்த தோல்வியாளர் என்ற பெயர் அவருக்கு வெற்றியைவிடப் பெரிய விளம்பரமாயிற்று. அமெரிக்கர் அவர் தேயிலையை விரும்பி வாங்கினார்கள். ஆகவே என் கணிப்பு மூன்று.

இந்தக் கணிப்பு எவ்வளவு தாங்கும்? எனியகிராமின் அடிப்படை விதி, எண்ணை முடிவு செய்வது செயல் அல்ல, செயலின் பின்னால் உள்ள காரணம் என்பது. அதே 25,000 பவுணை ஒருவர் கனிவால் கொடுக்கலாம், ஒருவர் பெயருக்காக, ஒருவர் பசியோடு வளர்ந்த நினைவால், ஒருவர் சமூகக் கடமை என்று எண்ணி. நாணயம் ஒன்று, காரணம் நான்கு. எது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரும்கூட ஒரு மாலையில் தனித்திருந்து நேர்மையாகக் கேட்டுக்கொண்டால்தான் சொல்ல முடியும். லிப்டன் அப்படிக் கேட்டாரா என்பதை அவருடைய விளம்பரத் தாள்களிலிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. திருக்குறளில் ஆள் தேர்வுக்கென்று ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு. பிறரை அளக்க அவர்களுடைய செயலையே உரைகல்லாக வைக்கிறார் வள்ளுவர். பிறரை அறிய அது போதும், அதுவே நியாயமும்கூட. உள்நோக்கத்தைத் தேடும் கேள்வி தனக்கு உரியது. வெளியே திருப்பினால் அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

வட்டத்தில் இடமில்லாதவர்கள்

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. லிப்டனின் எண் மூன்று என்று வைத்துக்கொள்வோம். அதனால் டம்பதென்னையைப் பற்றி என்ன தெரிந்தது? அந்தச் சரிவில் கொழுந்து எடுத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தில் கடனாளிகளாகவே மலையேறினார்கள். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிவைத்த துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குடும்பத்துக்கு லயத்தில் ஓர் அறை. உழைப்பாளர் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்குக் கிளாஸ்கோவில் தேயிலை கிடைத்ததற்கு, அந்த லயத்துக் கூலியும் ஒரு காரணம். சுதந்திரத்தின் பின் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய சந்ததியை நாடற்றவர்களாக்கியது. அது முழுவதும் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தவர்களில் பலர் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறினார்கள். லிப்டனைப் பற்றிக் கப்பல்துறையில் பேசும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரின் பாட்டி கொழுந்துக் கூடை சுமந்தவராக இருக்கக்கூடும்.

ஒன்பது முனைகளும் ஒரு தனி மனிதனைச் சுற்றியே நிற்கின்றன. அவனுடைய அச்சம், அவனுடைய வேட்கை, அவனுடைய பாசாங்கு. தன் உள்ளத்தைப் பார்க்கிறவனுக்கு அது சரியான எல்லை; பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஒரு வணிகப் பேரரசு எப்படி எழுந்தது என்று விளக்க வந்தால் அதே எல்லை பெரும் பிழையாகிறது. பயிர் நோய், மலிந்த நிலம், குடியேற்ற ஆட்சி, கடன்பட்ட தொழிலாளி, சுயெஸ் கால்வாய் வழியே விரைந்த நீராவிக் கப்பல்: இவையெல்லாம் ஒரு மனிதனின் குணமாகச் சுருங்கிவிடுகின்றன. புகழ்பெற்றவரின் எண்ணைத் தேடும் இளைஞனுக்கு நேரும் நட்டம் இதுதான். அவரைப் போன்ற குணம் தனக்கு இல்லாததால்தான் முன்னேறவில்லை என்று நம்பத் தொடங்குகிறான். வங்கி பிணை கேட்டதும், சந்தை தூரத்தில் இருப்பதும், போர் பல ஆண்டு தின்றதும் அவன் கணக்கில் வராமல் போகின்றன.

கப்பல்துறை

அப்படியானால் கைபேசியில் வந்த உருவத்தை அழித்துவிட வேண்டுமா? வேண்டாம். நரன்யோ துயரத்தோடு அதன் முன் அமர்ந்தபோது அது எதற்குப் பயன்பட்டதோ, அதற்கு இங்கும் பயன்படும். தொழில் செய்கிறவனுக்கு அந்தப் பயன் மிகவும் தேவை. ஏனென்றால் சிறுதொழில் கெடும் காரணங்களில் சில வெளியிலிருந்து வந்தாலும், வேறு சில முதலாளியின் மனதிலிருந்து வருகின்றன.

கடை வைத்திருப்பவர் ஒருவர் இரவு கடன் கொப்பியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரமாட்டார் என்று தெரிந்தும் இவருக்கு ஏன் மறுபடி கொடுத்தேன்? இல்லாதவர் என்ற இரக்கத்தாலா, நல்லவன் என்ற பெயர் போய்விடும் என்ற பயத்தாலா, வாக்குவாதம் வேண்டாம் என்ற மந்தத்தாலா? இரண்டாவது லொறி எடுத்தது ஓட்டத்துக்குச் சரக்கு இருந்ததாலா, பக்கத்துக்காரன் எடுத்துவிட்டான் என்ற பொறாமையாலா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேக்கரியை விட்டுக் கோழிப் பண்ணைக்குத் தாவியது கணக்குப் பார்த்தா, பழையது சலித்துப் போனதாலா? பங்காளியை விலக்கியது அவர் களவெடுத்ததாலா, யாரோடும் பகிர மனம் வராத உலோபத்தாலா? வேலைக்கு வந்த பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் ஏசியது அவன் பிழைக்காகவா, என் கோபத்துக்காகவா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அங்கேயே இருக்கிறார். பதில் பொய் என்றால் அதை அறியக்கூடியவரும் அவரே. ஒன்பது பெயர்களும் இங்கே உதவுவது, வழக்கமாக நாம் ‘அது என் இயல்பு’ என்று சொல்லித் தப்பும் இடத்தில் நின்று, இது கர்வம், இது அச்சம் என்று பெயர் சொல்ல வைப்பதால்தான். பல இரவுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் உங்கள் எண். அதை வேறொருவர் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது வெறும் பட்டம். வேலைக்கு வருகிறவர்களின் எண்ணைக் கேட்டுச் சேர்ப்பதும் விலக்குவதும் அறிவியலும் அறமும் ஒப்பாத செயல். அவர்கள் வேலையைப் பாருங்கள்; அதுவே போதும்.

லிப்டனுடைய கதையிலிருந்து இதனோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் வேட்கையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? வட்டத்தில் இந்தக் கேள்விக்குப் புள்ளி இல்லை. தன் குணத்தை ஆழமாக அறிந்த முதலாளியும் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம். தன்னறிவு தானாக நியாயமாக மாறிவிடாது. ஆகவே உங்கள் எண் எது என்று தெரிந்த அன்றே, உங்களிடம் வேலை செய்கிறவர்களின் சம்பளக் கொப்பியையும் திறந்து, ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.